சாமிக்கிடாவை எண்ணுவதில்லை

சங்கரன்கோவிலில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் டியூஷனுக்கு வராது. ரத வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், மாடிக்கு மாடி போர்டு தொங்கும். மேலே தகரக் கொட்டகை, பெஞ்சுக்கு ஆறு பேர், முன்னால் மைக்கைப் பிடித்தபடி ஒருவர். கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற படிப்பு. பிள்ளை பாஸானால் சென்டரின் கெட்டிக்காரத்தனம், ஃபெயிலானால் பிள்ளைக்கு மண்டையில் ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முத்துமீனாள் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கணக்குச் சொல்லித் தருவாள். ஒரு பிள்ளை பரீட்சை எழுதிப் போன பிறகுதான் அடுத்த பிள்ளை, வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர். வயது முப்பத்தொன்பது. கணக்கில் பட்டம், பி.எட்., இரண்டும் உண்டு, அரசு வேலைதான் இல்லை. கணவன் ராம்சங்கருக்குத் தாலுகா ஆபீஸில் உத்தியோகம். "ஊரே பந்தி போட்டுப் பரிமாறுது, நீ ஒருத்தருக்கு மட்டும் ஊட்டி விடுதே" என்று அவர் கேலி செய்வார்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசை. இரண்டு நாற்காலிகளும் அதன் ஒரே பக்கத்தில் கிடக்கும். எதிரே உட்கார்ந்தால் பிள்ளையின் முகம்தான் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கை தெரியும் என்பது அவள் கண்டுபிடித்த பாடம். பிள்ளை கணக்குப் போடும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள். "வாய்விட்டுப் போடு" என்று மட்டும் சொல்வாள். மனதில் நினைப்பதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளை போட வேண்டும். தப்பு எந்த இடத்தில் நுழைகிறது என்பது அந்த முணுமுணுப்பில் தெரிந்துவிடும்.

மேசைக்குப் பின்னால் சுவர் அலமாரி. அதன் மரக்கதவின் உட்புறம், அவளிடம் படித்துத் தேறிய பிள்ளைகள் தங்கள் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டுப் போவார்கள். மேலே ஒரு வரிக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே வரிசையாகப் பதினொரு பெயர்கள். யாராவது கேட்டால் முத்துமீனாள் சொல்வது ஒன்றுதான். "பதினொரு பிள்ளைங்க படிச்சிருக்காங்க. பதினொண்ணும் பாஸ்."

அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதை இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அப்படியொரு மாடியில் மைக் பிடித்தவள்தான். எதிரே நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் காவியா என்றொரு பெண் இருந்தாள். ஒரு நாளும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்காத பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று முத்துமீனாள் எடுத்துக்கொண்டாள். மாதத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கவனமே இல்லை உனக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது. பத்தாவது பரீட்சையில் காவியா கணக்கில் முப்பத்தொரு மார்க். இன்னும் நாலு வாங்கியிருந்தால் பாஸ். பிறகு விடுதியில் தங்கிப் பஞ்சு மில்லில் வேலை, பதினெட்டு முடிந்ததும் கல்யாணம்.

பரீட்சை முடிந்து மூன்று வருஷம் கழித்து, திருவேங்கடம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் முத்துமீனாள் அவளைப் பார்த்தாள். மடியில் கைக்குழந்தை. முத்துமீனாளுக்கு எழுந்து இடம் கொடுத்தது காவியாதான்.

"நீ ஏன்ட்டி ஒரு நாளும் கேக்கல?" என்றாள் முத்துமீனாள். அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"மைனஸை அங்கிட்டு கொண்டு போனா எதுக்கு பிளஸ்ஸாகுதுன்னு தெரியல டீச்சர். அது ஒண்ணுதான். நாப்பது பேர் முன்னாடி எந்திரிச்சு கேக்க வெக்கமா இருந்துச்சு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் முத்துமீனாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பத்து நிமிஷத்தில் சொல்லித் தரக்கூடிய ஒன்று. அந்தப் பத்து நிமிஷம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதமே முத்துமீனாள் மைக்கை வைத்துவிட்டு வந்தாள்.

பத்தாவது படிக்கும் தேன்மொழி வந்தது போன டிசம்பரில். அரையாண்டுத் தேர்வில் கணக்கு இருபத்திரண்டு. கூட வந்த அவள் அப்பா உச்சிமாகாளி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் நின்றார். திருவேங்கடம் ரோட்டில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கரிசல் ஊர். ஆடுதான் பிழைப்பு.

"டீச்சரம்மா, நான் ஒளிக்காம சொல்லுதேன். இவ பள்ளிக்கூடத்து சாரு, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்ங்காரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. இவ பாஸாயிட்டா மேக்கொண்டு படிக்கட்டும். ஃபெயிலாயிட்டா எங்கூட ஆட்டுக்கு வரட்டும். வயசு வந்ததும் சிவகிரியில மாமன் மகன் இருக்கான். அம்புட்டுதான்."

அதட்டிச் சொல்லவில்லை. மழை பெய்தால் விதைப்போம், பெய்யாவிட்டால் இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். தேன்மொழி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்குத் தேன்மொழி வருவாள். ஐந்து இருபத்தைந்து பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பஸ் கிடையாது. பொழுது அடையும் நேரத்தில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது எண்ணுவது அவள் வேலை. ஐந்து வயதிலிருந்து அவள்தான் எண்ணுகிறாள். அதனால் ஐம்பது நிமிஷம், ஒரு நிமிஷம் கூடக் கிடையாது.

பெருக்கலில் பிசகில்லை. வாய்ப்பாடு தண்ணீர்பட்ட பாடு. காவியாவை நினைத்துக்கொண்டு முத்துமீனாள் மைனஸைச் சோதித்தாள், அதிலும் குறையில்லை. ஆனால் தேன்மொழியின் பழைய விடைத்தாள்களைப் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பல கணக்குகளில் சரியான விடையை எழுதியிருக்கிறாள். பிறகு அதை அடித்துவிட்டுத் தப்பான விடையை எழுதியிருக்கிறாள்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை.

தொடர்வரிசைக் கணக்கில்தான் இது அதிகம். 5, 9, 13, 17 என்று நாலு நாலாகக் கூடிப் போகிறது. எட்டாவது உறுப்பு என்ன? சூத்திரம் போட்டு 33 என்று சரியாக எழுதுவாள். அப்புறம் சரிபார்க்கிறேன் என்று பென்சில் முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போவாள். போய் முடித்ததும் உதட்டைக் கடித்து, 33-ஐ அடித்து, 37 என்று எழுதுவாள். இரண்டு நாணயம் சுண்டுகிற கணக்கில், விழக்கூடிய நாலு விதத்தையும் வரிசையாக எழுதிவிட்டு, மொத்தம் மூன்று என்பாள்.

"என் கை விரலை எண்ணு" என்றாள் முத்துமீனாள் ஒரு நாள். ஐந்து என்றாள். மேசையில் பத்துப் புளியங்கொட்டையை இறைத்து எண்ணச் சொன்னாள். பத்து. எண்ணத் தெரியாத பிள்ளை இல்லை. பிறகு என்ன கேடு இது?

பொங்கல் போய் ஜனவரியும் முடிந்தது. பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு, முப்பது மார்க். அதிலும் ஏழு இடத்தில் சரியானதை அடித்துத் தப்பை எழுதியிருந்தாள். முத்துமீனாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை தடவை சொல்லுதது? சூத்திரம் சரியா போடுதே, அப்புறம் எதுக்கு அடிக்கே? கவனமே இல்லை உனக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் காவியாவிடம் சொன்ன அதே மூன்று வார்த்தைகள். தேன்மொழியின் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு நோட்டில் விழுந்தன. அவளுக்கு அழ வெட்கமாக இருந்தது, முத்துமீனாளுக்குப் பார்க்க வெட்கமாக இருந்தது. தண்ணீர் கொடுத்து, சமாதானம் சொல்லி, மறுபடி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து நிமிர்ந்தபோது மணி ஐந்து நாற்பது. பஸ் போய்விட்டது.

"அய்யோ டீச்சர், ஆடு அடையணும்" என்று பிள்ளை எழுந்து நின்றாள். பரீட்சை மார்க்கைப் பார்த்தபோது கூட அவள் முகத்தில் இத்தனை கலவரம் இருந்ததில்லை.

முத்துமீனாள் ஸ்கூட்டரை எடுத்தாள். வழியெல்லாம் மக்காச்சோளம் அறுத்த தட்டைகள், வெடித்துக் கிடந்த கரிசல். ஊருக்குள் நுழையும்போது பொழுது அடங்கத் தொடங்கியிருந்தது. முள்வேலி போட்ட பட்டிக்கு வெளியே உச்சிமாகாளி ஆடுகளை நிறுத்தி வைத்துக்கொண்டு வழியைப் பார்த்து நின்றார். டீச்சரம்மாவைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். தேன்மொழி பையை வேலியில் மாட்டிவிட்டு ஓடிப்போய்ப் பட்டி வாசலில் நின்றாள்.

வாசலை அடைத்திருந்த முள்படல் திறந்தது. ஆடுகள் வரிசையாக உள்ளே போயின. முதலில் ஒரு பெரிய கிடா, கழுத்தில் மணி, நெற்றியில் மஞ்சள். பின்னால் மற்றவை. தேன்மொழியின் கை ஒவ்வொரு முதுகையும் தொட்டும் தொடாமலும் எண்ணிக்கொண்டே வந்தது. சும்மா நின்ற முத்துமீனாளும் பழக்கதோஷத்தில் மனதுக்குள் எண்ணினாள்.

"அறுவத்தி மூணு" என்றாள் தேன்மொழி.

"சரியா இருக்கு" என்று உச்சிமாகாளி படலைச் சாத்தினார்.

முத்துமீனாளுக்கு அறுபத்து நாலு வந்திருந்தது. கணக்கு டீச்சர் ஆட்டை எண்ணுவதில் கோட்டை விடுவதா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு கூட வருதே?"

உச்சிமாகாளி சிரித்தார். "நீங்க முன்னால போன கிடாவையும் சேத்துட்டிய. அது சாமி உருப்படில்லா? கோயில் கொடையில வெட்டுததுக்கு நேந்து விட்டது. அது நம்மது இல்ல டீச்சரம்மா, சாமியுது. அதை எண்ணக் கூடாது. எங்க வீட்டுல எப்பவும் ஒண்ணு நேந்து விட்டுதான் கெடக்கும். அது முன்னால போவும், அடுத்ததுலேருந்துதான் நம்ம கணக்கு."

முத்துமீனாள் தேன்மொழியின் கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பென்சில் முனை அவள் கண் முன் வந்தது. இரண்டு மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த பென்சில். அது எண்களைத் தொட்டுக்கொண்டு போகும்போது, முதல் எண்ணை மட்டும் தொடாமல் தாண்டிப் போகும். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. இறைந்து கிடந்த புளியங்கொட்டையில் பிசகவில்லை, விரலில் பிசகவில்லை. வரிசை என்று வந்துவிட்டால், முன்னால் நிற்பது சாமி. ஐந்து வயதிலிருந்து பதினோரு வருஷம், நாள் தவறாமல், அந்தக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லியும் அது காதில் விழவில்லை, ஏனென்றால் சாமிக்கிடாவுக்குப் பிள்ளை வாய் திறப்பதே இல்லை.

இந்தப் பிள்ளைக்கா கவனம் இல்லை? தன்னை நினைக்க முத்துமீனாளுக்கு ஆத்திரமாக வந்தது. வாசலில் நின்றபடியே தேன்மொழியின் தலையைத் தடவினாள். "நாளைக்கு வா மக்கா. உன்மேல தப்பில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

மறுநாள் 5, 9, 13, 17 என்று எழுதி அவள் முன்னால் வைத்தாள்.

"இதுல சாமி யாரு?"

தேன்மொழி திகைத்துப் போனாள். களவு செய்து பிடிபட்டவள் போல 5-ஐத் தொட்டாள். "நான் நெனச்சு செய்யல டீச்சர். கை அதுவா தாண்டிருது."

"பட்டியில நீ எண்ணுதது சரி. அதை மாத்தாத. ஆனா நோட்டுல எந்த எண்ணையும் யாரும் நேந்து விடல. இங்கன எல்லாரையும் எண்ணணும்."

"குத்தமாயிராதா டீச்சர்?" சிரிக்காமல்தான் கேட்டாள். முத்துமீனாளும் சிரிக்கவில்லை. சூத்திரத்தை எழுதினாள். எத்தனையாவது உறுப்போ, அதில் ஒன்றைக் கழித்து, வித்தியாசத்தால் பெருக்கி, முதல் எண்ணோடு கூட்ட வேண்டும்.

"எட்டாவது உறுப்புக்கு எட்டு தடவை நாலைக் கூட்டாம, ஏழு தடவைதான் கூட்டுதோம். ஒண்ணைக் கழிக்கோம்லா, அது யாருக்காக?"

தேன்மொழி நோட்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது. முதல் எண் அப்படியே நிற்கிறது, அதன்மேல் நாலு விழவில்லை. இரண்டாவதிலிருந்துதான் நாலு நாலாகக் கூடுகிறது.

"சாமிக்கு!" என்று கத்தியே விட்டாள். "டீச்சர், அந்த ஒண்ணு சாமிக்கு விட்டது. கூட்டும்போதுதான் அவரை விடணும். எண்ணும்போது அவரும் உண்டு!"

பல வருஷமாகப் பல பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த சூத்திரம். இவ்வளவு சுத்தமாக ஒருவரும் அதை அவளுக்குத் திருப்பிச் சொன்னதில்லை. முத்துமீனாள் எழுந்துபோய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

அன்றிலிருந்து பென்சில் முதல் எண்ணில் ஒரு கணம் தயங்கும், பிறகு தொடும். அந்தத் தயக்கம் போக மூன்று வாரம் ஆனது. சராசரிக் கணக்கும் நிகழ்தகவும் அந்த ஒரே அடைப்பில்தான் நின்றிருந்தன, அவையும் திறந்துகொண்டன. மற்றதெல்லாம் சாதாரண உழைப்பு. தினமும் ஐம்பது நிமிஷம், பழைய கேள்வித்தாள்கள், தப்பு, திருத்தம்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ராம்சங்கர் ஆபீஸிலிருந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். முத்துமீனாள் வேண்டாம் என்றாள், பயந்துகொண்டு போனையே தொடவில்லை. பதினோரு மணிக்குத் தேன்மொழி நேரில் வந்துவிட்டாள். பின்னால் உச்சிமாகாளி, கையில் மல்லிகைப் பூ.

"கணக்குல அம்பத்தெட்டு டீச்சர்!"

உச்சிமாகாளி இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். "பதினொண்ணாப்புக்கு எந்த குரூப்பு போடணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். முத்துமீனாளுக்கு அது போதும், அதற்கு மேல் கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

அலமாரிக் கதவைத் திறந்து பென்சிலைக் கொடுத்தாள். தேன்மொழி கடைசியில் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, பென்சில் முனையால் மேலிருந்து ஒவ்வொரு பெயராகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினாள். முதல் பெயரையும் தொட்டாள். "பன்னெண்டு" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மறுபடி கதவின் மேற்பக்கம் பார்த்தாள். எல்லாப் பெயருக்கும் மேலே ஒரு வரி வெறுமையாக இருந்தது.

"டீச்சர், இங்க ஒரு எடம் விட்டிருக்கே. இது சாமிக்கா?"

முத்துமீனாள் அந்த வெற்று வரியைப் பார்த்தாள். பதினொன்றும் பாஸ் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அவள் எண்ணியதும் இரண்டாவதிலிருந்துதான். முன்னால் போனவளை அவளும் தாண்டித்தான் வந்திருக்கிறாள். பெருமைக்காகத் தாண்டவில்லை, வேதனைக்காகத் தாண்டினாள். ஆனால் தாண்டியது தாண்டியதுதான்.

"சாமிக்கு இல்ல மக்கா" என்றாள். "அது காவியான்னு ஒரு பிள்ளை. உங்க எல்லாருக்கும் முன்னால எங்கிட்ட படிச்சா. நான் எண்ணாம விட்டுட்டேன்."

"அவங்க பாஸா?"

"இல்ல."

தேன்மொழி பென்சிலை அவளிடம் நீட்டினாள். முத்துமீனாள் வாங்கிக்கொண்டாள், ஆனால் எழுதவில்லை. அந்தக் கதவில் அவரவர் பெயரை அவரவர்தான் எழுத வேண்டும்.

மறுநாள் காலை திருவேங்கடம் பஸ்ஸில் ஏறினாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. காவியா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறவள். முத்துமீனாள் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஜூலையில் துணைத்தேர்வு, தனியாக எழுதலாம், விட்டது கணக்கு ஒன்றுதான், தினமும் நானே இங்கே வருகிறேன்.

காவியா சாம்பல் கையோடு நின்றாள். "இப்ப போய் எதுக்கு டீச்சர்? எட்டு வருசமாச்சு. என்னையெல்லாம் இனிமே யாரு கணக்குல சேக்கப் போறா?"

முத்துமீனாள் பஸ்ஸில் யோசித்ததெல்லாம் மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள்தான். அதை அப்படியே விட்டாள்.

"வீட்டுல நோட்டு இருக்கா?" என்றாள்.

காவியா கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மகளுக்கு வாங்கி வைத்திருந்த நாலு கோடு நோட்டோடு வந்தாள். முத்துமீனாள் பாயில் உட்கார்ந்தாள், எதிரே இல்லை, பக்கத்தில். மைனஸ் வைத்த சின்னக் கணக்கு ஒன்றை எழுதி, நோட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"வாய்விட்டுப் போடு தாயி" என்றாள்.